கழுத்தில் கடிகாரம் கட்டிய காதல்

சென்ற வாரம் இரவு ஷிப்டு முடிந்து வெளியே வந்த தோழர்களோடு ஆலை வாசல் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். ஸ்பின்னிங் பகுதி இளைஞர் ஒருவர் தம் செல்போனை நீட்டினார். "அண்ணே, இந்தக் கூத்தைப் பாருங்க" என்றார்.

பார்த்தோம். ஒரு பெரிய மாளிகை. நடுவிலே ஐம்பதை நெருங்குகிற ஒரு மனிதர். தலையில் கொம்பு வைத்த தொப்பி. வாயிலே தங்கப் பல். கழுத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கடிகாரம் தொங்குகிறது. அவரைச் சுற்றி இளம் பெண்கள். திடீரென்று இரண்டு பெண்களுக்குள் வாய்ச்சண்டை. ஒருத்தி இன்னொருத்தியின் முகத்தில் காறித் துப்புகிறாள். துப்பு வாங்கியவள் அவளைப் பிடித்துத் தள்ளுகிறாள். அத்துடன் துண்டுப் படம் முடிந்தது. கடையே சிரித்தது. நாமும் சிரித்தோம், மறைப்பானேன்?

"வெட்கங்கெட்ட சென்மங்க!" என்றார் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர்.

காலை ஷிப்டுக்காக வந்து நின்ற கோன் வைண்டிங் தங்கை ஒருவர், அந்தப் படத்தை எட்டிப் பார்த்துவிட்டு வேறொன்று கேட்டார். "அந்தப் பொண்ணுங்களுக்குச் சம்பளம் உண்டா அண்ணே?"

பெரியவர் சொன்னது நமக்குப் புதிதல்ல. தினமும் கேட்கிறோம். தங்கை கேட்டதுதான் புதிது. அந்தக் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்ல முடியவில்லை, சங்கு ஊதிவிட்டது. ஆகவே இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்த மனிதர் யார் என்று பார்ப்போம். மேடைப் பெயர் ஃபிளேவர் ஃபிளேவ். தாய் தகப்பன் வைத்த பெயர் வில்லியம் டிரேட்டன். 1959இல் நியூயார்க் நகரை அடுத்த லாங் ஐலண்டில் பிறந்த கறுப்பின மனிதர். 1980களில் அந்த வட்டாரத்தில் 'பப்ளிக் எனிமி' என்ற பாட்டுக் குழு கிளம்பிற்று. பொதுஜன விரோதி என்று அர்த்தம். கொடிய குற்றவாளிக்குப் போலீஸ் சூட்டுகிற பட்டத்தைத் தாங்களே எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்ட பிள்ளைகள் அவர்கள். தாளக்கட்டோடு வசனத்தைப் பொழிகிற ராப் பாட்டு அவர்களுடைய ஆயுதம். சக் டி என்பவர் இடி மாதிரி முழங்குவார். ஃபிளேவர் பக்கத்திலே துள்ளிக் குதித்து, எதிர்ப்பாட்டுக் கொடுத்து, கேலி செய்து, கூட்டத்தைக் கிளப்பிவிடுவார். தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்கிற வேலை. கட்டியங்காரன் இல்லாவிட்டால் ராஜா வேஷமும் எடுபடாது என்பது கூத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சாமான்யப்பட்ட குழு அல்ல அது. 1989இல் ஸ்பைக் லீ எடுத்த 'டூ தி ரைட் திங்' என்ற படத்துக்காக 'ஃபைட் தி பவர்' என்ற பாட்டைக் கொடுத்தார்கள். அதிகாரத்தை எதிர்த்துப் போராடு என்பது அதன் தலைப்பு. வேறொரு பாட்டின் தொடக்கத்தில், 1965இல் சுட்டுக் கொல்லப்பட்ட கறுப்பின மக்களின் தலைவர் மால்கம் எக்ஸின் குரலையே எடுத்து வைத்தார்கள். 1990இல் ஃபிளேவர் தாமே முன்னின்று ஒரு பாட்டுப் பாடினார். ஏழைக் கறுப்பின மக்கள் குடியிருக்கும் தெருவுக்கு அவசர அழைப்பு விடுத்தால் ஆம்புலன்ஸ் வந்து சேர்வதில்லை என்பது விஷயம். கோமாளி வேஷத்தில் இருந்துகொண்டே சர்க்காரின் கன்னத்தில் விட்ட அறை அது. கழுத்துக் கடிகாரமும் வெறும் அலங்காரமல்ல. காலம் விலையுயர்ந்தது, அதை உணர்ந்துகொள் என்பதற்கு அடையாளமாகத் தொங்கவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார்.

பிறகு வீழ்ச்சி. அமெரிக்க நகரங்களின் ஏழைத் தெருக்களை 1980களில் கிராக் என்ற போதைப்பொருள் வெள்ளம்போல் மூழ்கடித்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களை நாசமாக்கிய அந்தச் சனியன் இவரையும் பிடித்தது. பல வருஷம் பிடித்து ஆட்டியது. 2002இல் நியூயார்க்கின் ரைக்கர்ஸ் ஐலண்டு சிறையில் ஒன்பது வாரம் இருந்தார். குற்றம் என்ன? ரத்தான லைசென்சோடு கார் ஓட்டியது, வண்டி நிறுத்திய அபராதங்களைக் கட்டாதது, நன்னடத்தை அதிகாரியிடம் குறித்த நேரத்துக்குப் போய் நிற்காதது. கடிகாரம் கட்டியவர் நேரம் தவறியதற்காகவும் உள்ளே போனார்!

இந்தக் கட்டத்தில்தான் டெலிவிஷன் கம்பெனி அவரைத் தேடி வந்தது. வி.எச்.ஒன் என்பது வயாகாம் என்ற பெரிய முதலாளி நிறுவனத்துக்குச் சொந்தமாயிருந்த பாட்டுச் சானல். பாட்டைவிட மலிவான சரக்கு ஒன்றை அது கண்டுபிடித்தது. ஒரு காலத்தில் பேர் வாங்கி இப்போது யாரும் கூப்பிடாத நடிகர்களையும் பாடகர்களையும் ஒரே வீட்டில் அடைத்துப் படம் பிடிப்பது! ஓப்பன் எண்டு மில்லில் கழிவுப் பஞ்சையும் விடாமல் நூலாக்குகிறார்கள் அல்லவா? நட்சத்திரக் கழிவை நூலாக்குகிற மில் இது. 2004இல் 'தி சர்ரியல் லைஃப்' என்ற நிகழ்ச்சியில் ஃபிளேவரை அப்படி ஒரு வீட்டில் வைத்தார்கள். கூட இருந்தவர் பிரிஜிட் நீல்சன் என்ற டென்மார்க் நடிகை. ஸ்டாலோனின் முன்னாள் மனைவி. இருவருக்கும் நெருக்கம் என்றதும் கம்பெனிக்கு வாயெல்லாம் பல். 2005இல் அந்த உறவையே 'ஸ்ட்ரேஞ்ச் லவ்' என்று தனி நிகழ்ச்சியாக்கிவிட்டார்கள். அந்த உறவு முறிந்தது. முறிந்தால் என்ன? முறிவும் சரக்குத்தானே! 2006 ஜனவரி 1ஆம் தேதி 'ஃபிளேவர் ஆஃப் லவ்' தொடங்கிற்று. காதலில் தோற்ற பாடகருக்குக் கம்பெனியே பெண் பார்க்கிறதாம். 20 பெண்கள், ஒரு மாளிகை, ஒரு மாப்பிள்ளை.

அந்த மாளிகையின் சட்டம் இது. வாசலில் வந்து நிற்கிற பெண்ணுக்கு முதல் காரியமாக ஒரு புனைபெயர் சூட்டப்படும். அன்றிலிருந்து அவளுடைய சொந்தப் பெயர் கிடையாது. உடம்பைப் பார்த்து, ஊரைப் பார்த்து, சிரிப்பைப் பார்த்து ஒரு பட்டப்பெயர்; அதுவே திரையிலும் எழுத்தில் ஓடும். இந்தப் பெயர் சூட்டும் சடங்கைப் பார்க்கையில் நமக்கு வயிறு எரிகிறது. அடிமைக் கப்பலில் இருந்து இறக்கிய மனிதனுக்கு எஜமானன் முதலில் செய்தது அவன் பெயரைப் பிடுங்கியதுதான். எஜமானர் கொடுத்த வம்சப் பெயர் வேண்டாம் என்றுதான் மால்கம் தம் பெயரின் பின்னால் இருந்த 'லிட்டில்' என்பதை அறுத்தெறிந்து, அங்கே ஒரு 'எக்ஸ்' போட்டுக்கொண்டார். அந்த மால்கமின் குரலைத் தம் பாட்டின் தலையில் வைத்த குழுவைச் சேர்ந்தவர், பெரும்பாலும் கறுப்பினப் பெண்களான இவர்களின் பெயரை வாசலிலேயே கழற்றி வைக்கிறார்! பண்ணையில் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை என்று நம் வயதான விவசாயத் தொழிலாளிகள் இன்றும் சொல்வார்கள். பெயர் போனால் பாதி மரியாதை போயிற்று. மீதியைப் பறிப்பது சுலபம்.

பிறகு சோதனைகள். கோழி வறுத்துக் காட்டு. என் பிள்ளைகளை, என் தாயாரைத் திருப்திப்படுத்து. இன்னொருத்தியோடு போட்டி போட்டு ஜெயி. ஒவ்வொரு வாரமும் கடைசியில் எல்லோரும் வரிசையில் நிற்கவேண்டும். தேறியவள் கழுத்தில் ஒரு கடிகாரம் மாட்டப்படும். தேறாதவளுக்கு உன் நேரம் முடிந்தது என்று சொல்லப்படும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகவேண்டியதுதான். ஆட்குறைப்பு நோட்டீசை இவ்வளவு சிங்காரமாகக் கொடுக்க எந்த மில் முதலாளிக்கும் இன்னும் தோன்றவில்லை!

இரண்டாம் சுற்றின் கடைசி நாளை, 2006 அக்டோபரில், சுமார் 75 லட்சம் பேர் பார்த்தார்கள். அந்தச் சானலின் சரித்திரத்தில் அதுவரை காணாத கூட்டம். கூட்டம் என்றால் விளம்பரம். விளம்பரம் என்றால் டாலர். உடனே ஒன்றிலிருந்து ஒன்றாகக் குட்டி போட ஆரம்பித்தது. இரண்டு தடவை இறுதிவரை வந்து தோற்ற பெண்ணுக்கு 2007இல் தனி நிகழ்ச்சி. பாய்சன் என்ற குழுவின் பாடகர் பிரெட் மைக்கேல்சுக்கு அதே ஆண்டு 'ராக் ஆஃப் லவ்'. சண்டை போட்ட பெண்களுக்கு மரியாதை கற்றுக்கொடுக்கிறோம் என்று ஒரு பள்ளிக்கூட நிகழ்ச்சி. தீயை மூட்டியவனே தண்ணீர் வண்டிக்கும் வாடகை வாங்குகிற கதை. கடைசியில் 2008இல், இத்தனை காதல் நிகழ்ச்சிகளிலும் தோற்றவர்களைத் திரட்டி, இரண்டரை லட்சம் டாலருக்குப் போட்டி வைத்தார்கள். அதன் பெயர் 'ஐ லவ் மனி'. பணத்தைக் காதலிக்கிறேன்! உண்மையைப் பலகையில் எழுதி மாட்டிய ஒரே நிகழ்ச்சி அதுதான்.

இனி அந்தத் துப்பல் விவகாரத்துக்கு வருவோம். பெரியவர் வெட்கங்கெட்டவர்கள் என்றார். அந்தப் பெண் துப்பியது சரியென்று நாம் வாதாட வரவில்லை. ஆனால் ஒரு கேள்வி. உன்னையும் என்னையும் இருபது பேரோடு ஒரு வீட்டில் அடைத்து, டெலிபோன் பிடுங்கி, பத்திரிகை நிறுத்தி, வெளியுலகத் தொடர்பு அறுத்து, சாராயத்தைத் தண்ணீராக ஓடவிட்டு, நடு ராத்திரி வரை தூங்கவிடாமல், எதிரில் இருப்பவளை வீழ்த்தினால்தான் உனக்கு வாழ்வு என்று சொன்னால், எத்தனை நாள் நம் வெட்கம் நிற்கும்? இந்த வகை நிகழ்ச்சிகளில் இருந்து வெளியே வந்த பலர் திரும்பத் திரும்பச் சொன்ன ஏற்பாடுகள் இவை. நாற்பது பாகை வெயிலில் நடவு வயலில் இரண்டு பேருக்குள் சண்டை வந்தால், கங்காணி எங்கே நின்றான் என்று நாம் கேட்போம் அல்லவா? அதே கேள்வியை இங்கேயும் கேட்கவேண்டாமா?

கங்காணி அங்கே இருக்கிறான். காமிராவுக்குப் பின்னால் இருக்கிறான். தனி அறையில் ஒவ்வொரு பெண்ணையும் உட்கார வைத்து, அவள் உன்னைப் பற்றி என்ன சொன்னாள் தெரியுமா என்று கிளப்பி விடுவான். அவள் கொதித்துப் பேசுவதைப் படம் பிடிப்பான். அப்புறம் வெட்டுகிற மேஜை. நூற்றுக்கணக்கான மணி நேரம் எடுத்த படத்தில் இருந்து ஒரு மணிக்கும் குறைவான சரக்கு. இரவு பகலாக ஒரு பெண் சிரித்தாள், அழுதாள், சமைத்தாள், தோழிக்குத் தலை வாரிவிட்டாள், அதெல்லாம் குப்பைக்கு. துப்பிய ஒரு நொடி மட்டும் சாகாவரம் பெற்று, இருபது வருஷம் கழித்து நம் ஆலை வாசல் டீக்கடை வரைக்கும் வந்து சேருகிறது. வெவ்வேறு நாளில் பேசிய சொற்களை நறுக்கி ஒட்டி ஒரே வாக்கியமாக்குவதும் உண்டு. அந்தத் தொழிலில் அதற்கு 'ஃபிராங்கன்பைட்' என்று பெயர். பிணத் துண்டுகளைத் தைத்து உயிர் கொடுத்த ஃபிராங்கன்ஸ்டைன் கதையில் இருந்து அவர்களே வைத்துக்கொண்ட பெயர், நாம் வைத்ததல்ல.

இப்படி வெட்டி ஒட்டிக் கதை கட்டுகிறவர்களும் கூலிக்காரர்கள்தான். இந்த இடத்தில் நம் தோழர்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஏனென்றால் 'நிஜ வாழ்க்கை நிகழ்ச்சி' என்ற இந்தச் சரக்கு ஏன் இவ்வளவு வேகமாகப் பெருகியது என்பதன் ரகசியம் இங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் சினிமாவுக்கும் டெலிவிஷனுக்கும் எழுதுகிறவர்களுக்குப் பலமான சங்கம் உண்டு. 1988இல் அவர்கள் ஐந்து மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். கதை நாடகங்கள் நின்றுபோயின. எழுத்தாளன் இல்லாமல் என்ன காட்டலாம் என்று முதலாளிகள் தேடினார்கள். போலீஸ்காரர் பின்னால் காமிராவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற 'காப்ஸ்' என்ற நிகழ்ச்சி 1989இல் வந்தது. நடிகன் வேண்டாம், எழுத்தாளன் வேண்டாம், சங்கச் சம்பளம் வேண்டாம்! வேலைநிறுத்தத்தின்போது மதில் ஏறிக் குதித்து உள்ளே போகிறவனைக் கருங்காலி என்கிறோம். இங்கே நிகழ்ச்சியே கருங்காலி. அதில் தோன்றுகிற பாவப்பட்ட பெண்ணைச் சொல்லவில்லை. அவளுக்கு ஒரு வேலைநிறுத்தம் நடந்ததே தெரிந்திருக்காது.

2006இல், ஃபிளேவரின் இரண்டாம் சுற்று தொடங்குகிற சமயத்தில், அழகிப் போட்டி நிகழ்ச்சியான 'அமெரிக்காஸ் நெக்ஸ்ட் டாப் மாடல்' என்பதில் கதை கோக்கிற பன்னிரண்டு பேர், நாங்களும் எழுத்தாளர்களே, எங்களையும் சங்க ஒப்பந்தத்தில் சேர் என்று வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பன்னிரண்டு பேர்தான்! என்ன ஆயிற்று? வேலை போயிற்று. அவர்கள் இல்லாமலே நிகழ்ச்சி நடந்தது. 2007 நவம்பர் 5ஆம் தேதி எழுத்தாளர் சங்கம் மறுபடி வேலைநிறுத்தம் செய்தபோது, இந்த நிஜ நிகழ்ச்சித் தொழிலாளரையும் சங்க வரம்புக்குள் கொண்டுவர வேண்டும் என்பது கோரிக்கைகளில் ஒன்று. பேச்சுவார்த்தை மேஜையில் 2008 ஜனவரியில் அந்தக் கோரிக்கையைக் கைவிட வேண்டியதாயிற்று. நூறு நாள் நடந்த அந்தப் போராட்டம் பிப்ரவரி 12இல் முடிந்தது. அந்த மாதமேதான் ஃபிளேவரின் மூன்றாம் சுற்று திரைக்கு வந்தது. எழுத்தாளர்கள் வாசலில் நின்ற நாட்களில் உள்ளே தடங்கலில்லாமல் ஓடிய தறி அது.

இப்போது தங்கையின் கேள்விக்கு வருவோம். சம்பளம் உண்டா?

இந்தத் தொழில் நெடுங்காலம் சொல்லிவந்த பதில் இது: அவர்கள் வேலைக்காரர்கள் அல்ல, பங்கேற்பாளர்கள். காதலைத் தேடி வந்தவர்கள். காதலிப்பதற்குக் கூலியா? எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்! காமிராமேனுக்கு மணிக்கணக்கில் கூலி. சமையல்காரருக்குக் கூலி. விளக்குப் பிடிக்கிறவருக்கு ஓவர்டைம். யாரைப் பார்க்க லட்சக்கணக்கான ஜனங்கள் உட்கார்ந்திருக்கிறார்களோ அவளுக்கு மட்டும் ஏதோ கைச்செலவுக் காசு!

இந்தப் பித்தலாட்டம் அண்மையில்தான் கோர்ட்டு வாசல் ஏறியது. சுவருக்கு இருபுறமும் ஆணையும் பெண்ணையும் உட்கார வைத்து, முகம் பாராமல் கல்யாணம் நிச்சயம் செய்யவைக்கிற 'லவ் இஸ் பிளைண்ட்' என்ற நிகழ்ச்சி நெட்ஃபிளிக்சில் வருகிறது. அதில் பங்கெடுத்த ஒருவர் 2022இல் கலிபோர்னியாவில் வழக்குப் போட்டார். அவருடைய புகார் இது: வாரத்துக்கு ஆயிரம் டாலர்; வேலை சில நாளில் இருபது மணி நேரம் வரை; கணக்குப் போட்டால் மணிக்கு 7 டாலர் 14 சென்ட். லாஸ் ஏஞ்சல்சில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி அப்போது மணிக்கு 15 டாலர். சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் பஞ்சம், மதுவுக்குப் பஞ்சமில்லை. பாதியில் வெளியேறினால் 50,000 டாலர் அபராதம் என்று ஒப்பந்தம். கம்பெனிகள் மறுத்தன. மறுத்தவர்கள் பிறகு 14 லட்சம் டாலருக்குச் சமரசத்துக்கு வந்தார்கள். 2024 டிசம்பரில் அமெரிக்கத் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் மினியாபொலிஸ் கிளை ஒருபடி மேலே போயிற்று. இவர்கள் சட்டப்படி தொழிலாளர்களே, இந்த ஒப்பந்த ஷரத்துகள் அவர்கள் உரிமையைப் பறிப்பவை என்று அந்த நிகழ்ச்சியின் தயாரிப்புக் கம்பெனிகள் மீது புகார் தாக்கல் செய்தது. தங்கை டீக்கடையில் கேட்டதும் அந்த வாரியம் காகிதத்தில் எழுதியதும் ஒன்றேதான்.

பாதியில் போனால் அபராதம் என்றதும் நம் மில்காரர்களுக்கு வேறொன்று ஞாபகம் வந்திருக்கும். கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடத்தினார்களே! கிராமத்து ஏழைப் பெண்பிள்ளைகளை மூன்று வருஷ ஒப்பந்தத்துக்கு விடுதியில் அடைத்து வேலை வாங்குவது. முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை தருவோம் என்பது. உடம்பு முடியாமல் ஒரு மாதம் முன்னால் வீட்டுக்குப் போனாலும் தொகை போச்சு. அது அவளுடைய சொந்தக் கூலியில் பிடித்து வைத்த காசு. தாலியைக் காட்டித் தறியில் பூட்டினார்கள். அங்கே மோதிரத்தைக் காட்டிக் காமிராவில் பூட்டுகிறார்கள். பெண்ணின் வேலையைக் கூலி என்று ஒத்துக்கொள்ளாமல் இருக்கக் கல்யாணத்தைப்போல் வசதியான போர்வை முதலாளிக்கு வேறு கிடையாது.

கடல் தாண்டிய சரக்கு நம் வாசலுக்கும் வந்ததை மறந்துவிடக்கூடாது. அதே வயாகாம், நெட்வொர்க்18 என்ற குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து 2007இல் வயாகாம்18 என்ற கம்பெனியை இந்தியாவில் தொடங்கிற்று. நெட்வொர்க்18 பின்னால் ரிலையன்ஸ் கைக்குப் போனது. அந்தக் கூட்டுக் கம்பெனி 2018 பிப்ரவரியில் கலர்ஸ் தமிழ் சானலைத் திறந்தபோது, முதல் சரக்குகளில் ஒன்று 'எங்க வீட்டு மாப்பிள்ளை'. நடிகர் ஆர்யாவுக்குப் பெண் பார்க்கிறார்களாம். ஆர்யா கழிந்துபோன நட்சத்திரமல்ல; சந்தையில் இருந்த நடிகர். அச்சு மட்டும் அதே அச்சு: ஒரு மாளிகை, பதினாறு பெண்கள், வாரம் ஒருத்தி வெளியே. ஏப்ரலில் இறுதி நாள் வந்தது. மூன்று பெண்கள் மணக்கோலத்தில் நின்றார்கள். ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தால் மற்ற இருவர் மனம் நோகும் என்று சொல்லி அவர் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை! 2019 மார்ச்சில் நடிகை சாயிஷாவை மணந்துகொண்டார். அது அவருடைய சொந்த விஷயம், நமக்கு ஆட்சேபணை இல்லை. அந்த மூன்று பெண்களும் அவர்களைப் பெற்றவர்களும் ஊருக்குத் திரும்பிப் போய் அண்டை அயலாருக்கு என்ன பதில் சொல்லியிருப்பார்கள் என்பது மட்டும் நம் மனதை விட்டு அகலவில்லை. சானலுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. விளம்பரத்துக்கு வாங்கிய காசை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

சில நண்பர்கள் சொல்வார்கள்: யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லையே, தாங்களாகவே வந்து கையெழுத்துப் போட்டார்கள், சிலர் பேரும் பணமும் சம்பாதித்தார்கள் என்று. உண்மைதான். வந்தவர்கள் எல்லோரும் பரம ஏழைகள் என்று நாம் சொல்லவில்லை. பேருக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள் உண்டு. அந்த ஆட்டத்தைக் கம்பெனியைவிட நன்றாக ஆடி மேலே போனவரும் உண்டு. ஆனால் அறுபதுக்கு மேற்பட்ட பெண்களில் ஒன்றிரண்டு பேர் கரையேறியதைக் காட்டி மற்றவர்கள் கணக்கை மூடலாமா? கூலி இல்லாத காட்டில் ஒருவனுக்குப் புதையல் கிடைத்தது என்பதற்காகக் கூலிச் சட்டம் வேண்டாம் என்று ஆகிவிடுமா?

ஆள் சேர்ப்பதில் இவர்கள் காட்டிய அக்கறைக்கு ஒரே ஒரு சம்பவம் போதும். 2009இல் இதே சானலின் வேறொரு காதல் நிகழ்ச்சி மூன்று வாரத்தோடு நிறுத்தப்பட்டது. போட்டியாளன் ஒருவன் தன் மனைவியைக் கொன்றதாகப் போலீஸ் தேடிற்று. பிறகு அவனும் பிணமாகக் கிடைத்தான். கனடாவில் ஏற்கெனவே ஒரு பெண்ணைத் தாக்கிய வழக்கில் தண்டனை பெற்றவன் அவன் என்பது அப்புறம்தான் வெளிவந்தது. ஒரு பெண்ணின் உயிர் போன பிறகே அந்தக் குட்டி போடுகிற வேகம் சற்று அடங்கியது.

சரி, ஃபிளேவரின் காதல் என்ன ஆயிற்று? முதல் சுற்றில் ஜெயித்த பெண்ணோடு உறவு நிலைக்கவில்லை. இரண்டாம் சுற்றில் ஜெயித்தவரோடும் நிலைக்கவில்லை. 2008இல் மூன்றாம் சுற்றும் முடிந்து எல்லோரும் கூடிய நிகழ்ச்சியில், அவர் திருமணம் செய்துகொள்ளச் சொல்லி மேடையில் கேட்டது அந்த அறுபது சொச்சம் பேரில் யாரையும் அல்ல. அப்போதைக்குத் தம் கடைசிக் குழந்தையாயிருந்த பிள்ளையின் தாயை! வீட்டுக்கு வெளியே, எந்தக் கடிகாரமும் மாட்டாமல், குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

இந்த மனிதர்மேல் நமக்குக் கோபம் உண்டு. ஆனால் அவரைத் திட்டித் தீர்த்துவிட்டுக் கையைக் கழுவ மனம் வரவில்லை. ஆம்புலன்ஸ் வராத தெருவைப் பற்றிப் பாடியபோது எந்தக் கம்பெனியும் அவருக்கு மாளிகை கொடுக்கவில்லை. போதையில் விழுந்து கிடந்தபோது எந்தக் கம்பெனியும் வைத்தியச் செலவுக்கு வரவில்லை. கட்டியங்காரனின் கேலியில் இருந்த முள்ளை மட்டும் பிடுங்கி எறிந்துவிட்டு, குதியாட்டத்தை விலைக்கு வாங்கினார்கள். ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பு மனிதனைக் கோமாளியாக்கி மேடைதோறும் ஆடினார்கள். இந்த நிகழ்ச்சியைப் பார்த்த கறுப்பின மக்களிலேயே பலர், அந்தப் பழைய ஆட்டம் திரும்பி வந்துவிட்டது என்று மனம் கொதித்தார்கள். வித்தியாசம் ஒன்றுதான். இந்தத் தடவை கரிச்செலவும் மிச்சம்.

அந்த மனிதர் இப்போது என்ன செய்கிறார் என்றும் சொல்லிவிடுகிறோம். போதையை விட்டுவிட்டார். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்சுக்கு முன்னால், அமெரிக்கப் பெண்கள் வாட்டர் போலோ அணியின் தலைவி ஒரு விஷயத்தை வெளிப்படையாக எழுதினார். மூன்று ஒலிம்பிக்கில் தொடர்ந்து தங்கம் வாங்கிய அணி அது. ஆனாலும் தம் தோழிகளில் பலர் வயிற்றைக் கழுவ இரண்டாவது, மூன்றாவது வேலை பார்க்கிறார்கள் என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு, நானும் பெண்பிள்ளையைப் பெற்றவன் என்று முன்வந்தவர் ஃபிளேவர் ஃபிளேவ். அணிக்கு ஐந்து வருஷ ஆதரவு ஒப்பந்தம் போட்டுக்கொடுத்தார். வட்டு எறிகிற இன்னொரு வீராங்கனை, பாரிசில் போட்டிக்கு முந்தின நாள், வீட்டு வாடகை கட்டப் பணமில்லை என்று எழுதியபோது, வாடகைக்குப் பணம் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். நீச்சல் குளத்துக் கரையில் அதே கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நின்று கத்தி உற்சாகப்படுத்தினார். அந்த அணி பாரிசில் நான்காவதாக வந்தது. பதக்கம் கிடைக்கவில்லை. தோற்ற பெண்களில் யாரையும் அவர் வரிசையில் நிறுத்தவில்லை. ஒப்பந்தத்தில் இன்னும் நாலு வருஷம் பாக்கி இருந்தது.